தைமாதத்து மூக்கு

குளிர் என்று சொன்னால்
பண்டாரவளையிலிருந்து மாற்றலாகி வந்த
டிக்கெட் கிளார்க் சிரிக்கிறார்.
இருபத்திரண்டு பாகை.
இதுக்கும் ஒரு சுவெட்டரா, மிஸ்?

அவருக்கு மூக்கு
மூச்சு விடுவதற்கு மட்டும்.
என்னுடையது மேலதிக வேலை பார்க்கும்.
மார்கழி நடுவில் காற்றுத் திரும்பியதை
வானொலிக்கு முன்னமே
எனக்குச் சொல்லிவிடும்.

கடற்காற்றோடு எனக்கு வழக்கில்லை.
இது தரைக்காற்று.
விடியப்புறம் வடகிழக்கால் இறங்கி
பேரை வாவியின் மேல் சாம்பல் துணி விரித்து
மருதானையில் ரயிலுக்கு முன்னே ஏறி
கோட்டையில் என்னிடம் வந்து இறங்கும்
கையில் சாமான்களோடு:
இடித்த கட்டடங்களின் தூள்,
பிரேக் கட்டையின் கரி,
யார் வீட்டு முற்றத்திலோ பூத்த மாம்பூ.

மாம்பூவை மட்டும் மன்னிக்கலாம்.

ஐந்து மணிக்கு உப்புத் தண்ணீர்.
இடது துவாரத்தால் விட்டால்
வலது துவாரத்தால் வரவேண்டும்.
சில நாள் தொண்டைக்குப் போகும்,
சில நாள் கண்ணுக்கு.
குளியலறை வாசலில் நின்று மகன் கேட்கிறான்,
அம்மா அழுறீங்களா, கழுவுறீங்களா?
இரண்டும்தான், பல்லை விளக்கு.

இலவம்பஞ்சுத் தலையணைகளை
மச்சாளுக்குக் கொடுத்தாயிற்று.
ஃபேன் இறக்கையை ஈரத்துணியால் துடைக்கிறேன்,
ஞாயிறுதோறும், ஸ்டூலில் ஏறி,
பூசை மாதிரி.
சிங்களத்தில் அறிவிக்கும் நிலாந்தி
பஸ்பங்குவ கொண்டுவந்து தந்தாள்.
கொத்தமல்லி அவி என்றது என் வீடு.
இரண்டையும் குடித்தேன்.
இரண்டும் நல்ல ருசி.

குளிசையும் உண்டுதான்,
மஞ்சளாய், மிளகளவு.
போட்டால் தும்மல் நிற்கும்,
கூடவே நானும் நின்றுவிடுவேன்.
போன வருடம் அப்படித்தான்
கண் பாதி மூடியபடி
மூன்றாம் மேடைக்கு வரவேண்டிய மட்டக்களப்பை
ஐந்தாம் மேடைக்கு அனுப்பினேன்.
கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன்:
பைகள், பாய்கள், ஒரு தையல் மெஷின்,
குழந்தையைத் தோளில் போட்ட ஒரு தகப்பன்,
எல்லாம் என் வாயை நம்பி
மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தன.

அன்றோடு குளிசை இரவுக்கு மட்டும்.
பகல் முழுக்கத் தும்மல்.

யாரோ நினைக்கினம், வதனா, என்பார்கள்.
ஒரு தரம் என்றால் சரி.
பதினேழு தரம் விடாமல் நினைப்பதற்கு
லீசிங் கொம்பனியை விட்டால்
எனக்கு யார் இருக்கினம்?

தும்மலுக்கு ஒரு முன்னறிவித்தல் உண்டு.
அண்ணத்தில் எறும்பு ஊரும்,
கண் வெளிச்சத்தைத் தேடும்,
பிறகு மூன்று செக்கன்.
அதற்குள் மைக் சுவிட்சை
கட்டைவிரல் கண்டுபிடிக்கவேண்டும்.
பத்துக்கு ஒன்பது தரம் கண்டுபிடிக்கும்.

இன்று பத்தாவது.
“பயணிகளின் கவனத்திற்கு, காங்கேசன்துறை நோக்கி...”
அவ்வளவுதான், வெடித்தது.
எல்லா மேடையிலும், எல்லாக் கூரையின் கீழும்,
புறாக்கள் எழும்பும் அளவுக்கு.
கோட்டை நிலையம் ஒருகணம்
எங்கேயும் புறப்படவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன்.
நாலைந்து பேர் சிரிக்கினம்.
ஒரு பெடியன் ஃபோனைத் தூக்கிப் பிடிக்கிறான்,
பிந்திவிட்டான்.
இரண்டாம் மேடையில் கடலை விற்கும் சுமணபால
தலைக்கு மேலே தூணில் தொங்கும் ஒலிபெருக்கியை
அண்ணாந்து பார்த்து,
சுருள் கடதாசியைக் கையில் பிடித்தபடி,
பிள்ளைக்குச் சொல்வதுபோல உதட்டை அசைக்கிறான்:
ஆயுபோவன்.

கண்ணாடிக்குள் இருப்பது
அவனுக்குத் தெரியாத முகம்.
நானும் அவனிடம் கடலை வாங்கியதில்லை,
தோல் தூசி பறக்குமென்று.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு
மறுபடி சுவிட்சைத் தட்டினேன்.
காங்கேசன்துறை. மூன்றாம் மேடை.
மூன்று என்பதை
இரண்டு தரம் சொன்னேன்.